பதினோரு அவுன்ஸ் பாதுகாப்பு

பழி வாங்கக் கூடாது என்று எங்கள் பாஸ்டர் மெரில் வருஷத்துக்கு இரண்டு முறையாவது பிரசங்கம் செய்வார். அந்தப் பிரசங்கத்துக்கு முன்னாலும் பின்னாலும் பியானோ வாசிப்பவள் நான். நாற்பத்து நான்கு வருஷமாகக் கேட்டிருக்கிறேன். நன்றாகப் புரிந்துகொண்ட பிறகுதான் செய்தேன்.

எங்கள் சிடார் மேட்டுச் சபைக்கு ஞாயிற்றுக்கிழமை எண்பத்து நான்கு பேர் வருவோம். பாடகர் குழுவில் ஏழு பேர். ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் இரண்டு பேர். பாதுகாப்பு ஊழியக் குழுவில் பதினோரு பேர். எல்லோரும் ஆண்கள், எல்லோரும் சட்டையை வெளியே விட்டிருப்பார்கள், எல்லோருடைய இடுப்பிலும் வலது பக்கம் ஒரு புடைப்பு இருக்கும். குழு ஆரம்பித்து ஆறு வருஷத்தில் இரண்டு ஆபத்துகள் வந்தன. ஒன்று, சமையலறைக்குள் நுழைந்த சாரைப்பாம்பு. சபையைக் கூட்டிப் பெருக்கும் டோரிஸ் அதைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டாள். இரண்டாவது, கழிப்பறை எங்கே என்று கேட்டு வந்த ஒரு மனிதர். அவரைப் பதினோரு பேரும் சுற்றி வளைத்துச் சுவரில் சாய்த்துச் சோதனை போட்டார்கள். அன்றைக்குப் பிரசங்கம் செய்ய நாங்கள் அழைத்திருந்த விருந்தினர் அவர்தான்.

குழுவின் தலைவர் ராய்ஸ் டில்மன். தண்ணீரின் உப்பை எடுக்கும் இயந்திரம் விற்பவர். ராணுவத்திலோ போலீசிலோ ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஆனால் மணல் நிறத்தில் பதினான்கு பை வைத்த மேலங்கி போடுவார், சபை வாசலை 'வடக்கு முனை' என்பார், பத்தே முக்கால் என்று சொல்லாமல் 'பத்து நாற்பத்தைந்து மணி' என்பார். ஒன்பது வயதில் என்னிடம் இரண்டு வருஷம் பியானோ படித்தவர். முன்னால் இருக்கும் தாளைப் பார்க்கவே மாட்டார். குத்துமதிப்பாக அடிப்பார். தப்பு வந்தால் பியானோ சரியில்லை என்பார். நான் அப்போதே அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், வேறு ஏதாவது சொல்லிக்கொடுங்கள் என்று.

போன வருஷம் ஏப்ரலில் ராய்ஸ் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்.

"ஜெபம் நடக்கிறப்ப எல்லாரும் கண்ண மூடியிருக்கோம்," என்றார் புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் எழுந்து நின்று. "எங்க குழுவும் மூடியிருக்கு. நாங்க விசுவாசிங்க, திறந்துட்டு ஜெபிக்க முடியாது. அந்த நேரத்துல இந்தச் சபையில கண்ணு திறந்திருக்கிற ஒரே ஆள் யாருன்னு ஆராஞ்சு பாத்தோம். சிஸ்டர் வெர்லா."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ குற்றத்தில் அகப்பட்டதுபோல் இருந்தது. ஜெபம் முடியப் போகிறது என்றால் பாஸ்டர் மெரில் சுண்டுவிரலை லேசாகத் தூக்குவார், நான் மெதுவாக வாசிக்க ஆரம்பிக்க வேண்டும். அதற்காகத்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன்.

"அதனால," என்றார் ராய்ஸ், "இன்னியிலேர்ந்து அது பியானோ இல்ல. பியானோ முனை. அந்த முனையில உக்கார்றவங்க கையில ஆயுதம் இருந்தே ஆகணும். வெளிய தெரியாம இருக்கணும்."

"எனக்கு வேணாம் ராய்ஸ்," என்றேன்.

"வேணாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு சிஸ்டர். ஆனா பியானோ முனையில வெறுங்கையோட ஒருத்தர உக்கார வைக்கிற உரிமை எங்களுக்கு இல்லையே."

"அப்படின்னா?"

"அப்படின்னா கேய்லின் ரெடியா இருக்கா. அவகிட்ட துப்பாக்கியும் இருக்கு, கீபோர்டும் இருக்கு."

கேய்லின் ராய்ஸின் மருமகள். தட்டிலிருந்த பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்டர் மெரிலும் தன் பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபையில் ஒரு சண்டை வரும்போதெல்லாம் அவருக்குத் தட்டில் ஏதாவது இருக்கும்.

அந்தப் பியானோ என்னுடையது இல்லை. ஆனால் என் கல்யாணத்துக்கு அதில் நானேதான் பாதி வாசித்துவிட்டு எழுந்து போய் மோதிரம் போட்டுக்கொண்டேன். வேறு ஆள் கிடையாது. என் கணவர் டெல்பர்ட்டை அடக்கம் செய்த அன்றும் நான்தான் வாசித்தேன். வீட்டில் நானும் ஒரு பூனையும்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த முக்காலியில் உட்காருவதற்காகத்தான் மற்ற ஆறு நாளும் நான் எழுந்திருக்கிறேன். ஆகவே சரி என்றேன்.

எனக்கான துப்பாக்கியை நானே தேர்ந்தெடுக்கலாம் என்று நினைத்தது என் அறியாமை. அதைக் குழு தேர்ந்தெடுக்கும். முதலில் பதினான்கு பக்கத்தில் ஒரு படிவம் வந்தது. 'உங்கள் கை: சிறியது அல்லது மிகச் சிறியது.' 'ஆபத்து நேரத்தில் நீங்கள் அழுவீர்களா, உறைந்துபோவீர்களா, கணவரை அழைப்பீர்களா?' மூன்றையும் அடித்துவிட்டு 'பாட்டை முடிப்பேன்' என்று எழுதினேன். அந்தப் பதில் செல்லாது என்று திரும்பி வந்தது.

குழு ஏழு முறை கூடியது. சப்பைமூக்கு ரிவால்வர்தான் என்பதில் முதல் கூட்டத்திலேயே ஒற்றுமை. குழல் இரண்டு அங்குலத்துக்குள், தோட்டா ஐந்து, பையில் போட்டால் சாவிக்கொத்து அளவுக்குத்தான் தெரியும், பெண்களுக்கென்றே செய்தது என்றார்கள். எந்தச் சப்பைமூக்கு என்பதில்தான் மீதி ஆறு கூட்டமும் போயின. பிரதர் கார்லண்ட் முந்தின கிறிஸ்துமஸ் புகைப்படத்தில் என் கையை அளவுகோல் வைத்து அளந்து வந்தார். பதினோரு பேரும் ஒவ்வொரு கூட்டத்திலும் பேசினார்கள். பக்கத்து அறையில் நான் பாடகர் குழுவுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் கதவைத் தட்டி, இதைக் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள் என்று சொல்லவில்லை.

ஏழாவது கூட்டத்துக்கு மட்டும் என்னை அழைத்தார்கள். ராய்ஸ் எழுந்தார்.

"பொம்பளைங்க கைக்கு எடை ஆகாது. ஆகவே எடை கம்மியா எடுத்தோம். பதினோரே அவுன்ஸ். பொம்பளைங்களுக்குக் குறி தப்பும். ஆகவே தோட்டா இருக்கிறதுலேயே பெருசா எடுத்தோம். எடை கம்மி, அடி பெருசு. இதுக்கு மேல ஒரு கைத்துப்பாக்கி இந்த உலகத்துலயே கிடையாது. இத நான் சொந்தப் பொறுப்புல சொல்றேன். குறிப்பேட்ல எழுதிக்கோங்க பிரதர் கார்லண்ட்."

பிரதர் கார்லண்ட் எழுதிக்கொண்டார்.

பெட்டியைத் திறந்தார்கள். கைப்பிடி கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. பார்க்கப் பிறந்தநாள் கேக்கில் வைக்கும் பொம்மை போலத்தான் இருந்தது. உள்ளே ஒரு விளக்கப் புத்தகமும் இருந்தது. கூட்ட மேஜை ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்ததால் ராய்ஸ் அதை நான்காக மடித்துக் கால் அடியில் வைத்தார். "புத்தகமெல்லாம் புதுசா கத்துக்கிறவங்களுக்கு," என்றார். மேஜை அதற்குப் பிறகு ஆடவில்லை.

அடுத்தது அதை எங்கே மறைப்பது என்ற கேள்வி. கணுக்காலில் கட்டினார்கள்; மிதிகட்டையை அழுத்தும்போதெல்லாம் டக் டக் என்று அடித்தது, பாட்டுக்கு யாரோ ஆணி அடிக்கிறமாதிரி. இடுப்பில் சொருகினார்கள், கீழ்ச்சுரத்துக்குக் குனிந்தால் விலாவில் குத்தியது. மார்புக்குள் வைக்கும் உறை ஒன்று உண்டாம். அதைப் பற்றிப் பதினோரு பேரும் நாற்பது நிமிஷம் விவாதித்தார்கள், உறுப்பின் பெயரைச் சொல்லாமலே. 'மேல்மாடி' என்றே சொல்லிக்கொண்டார்கள். கடைசியில் பாடகர் அங்கியின் வலது பை என்று முடிவானது.

பை முடிவானதும் புடைப்புத் துணைக்குழு பிறந்தது. மறைத்து வைத்த துப்பாக்கியின் வடிவம் துணிமேல் தெரிந்தால் அது இவர்கள் மதத்தில் பெரிய பாவம். மூன்று பேர் முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் வாசிக்கும்போது தலையைச் சாய்த்துச் சாய்த்து என் தொடைப் பக்கம் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். அறிக்கை வந்தது. 'இரண்டாவது பாட்டு, மூன்றாவது சரணம், சகோதரி இடது பக்கம் எட்டும்போது கைப்பிடியின் வளைவு இரண்டு விநாடி தென்பட்டது. அந்தச் சரணத்தை நீக்கலாம்.' நீக்கினோம். அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. என் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிவிடும். அதற்காக இரண்டு துணிக் கிளிப் மாட்டி வைத்திருப்பேன். கிளிப் பளபளத்துக் கவனத்தைக் கலைக்கிறதென்று தடை செய்துவிட்டார்கள். விசிறியை நகர்த்தும்படி கட்டடக் குழுவுக்கு ஒன்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டடக் குழுவுக்கும் ராய்ஸ்தான் தலைவர்.

தகுதித் தேர்வு ராய்ஸின் நிலத்தில், கல் வெட்டியெடுத்த பள்ளத்தில் நடந்தது. ஏழு கஜம் தள்ளி, சபைச் சமையலறையின் பேப்பர் தட்டு. ஐந்து தோட்டா, பத்து விநாடி, ஐந்தும் தட்டில் விழ வேண்டும். பதினோரு பேரும் முதலில் அவரவர் துப்பாக்கியால் சுட்டுக் காட்டினார்கள். அதெல்லாம் செங்கல் அளவுக்குக் கனம், பிடித்தால் அசையாது. கத்தரிப்பூ நிறத்தை யாரும் தொடவில்லை.

என் முறை வந்தது. முதல் தோட்டாவைச் சுட்டேன். சத்தம் கேட்டது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, துப்பாக்கி என் தலைக்குப் பின்னால் எங்கோ வானத்தைக் காட்டிக்கொண்டிருந்ததும், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கிழிந்து ரத்தம் முழங்கை வரை ஓடியதும்.

"பிடி சரியில்ல சிஸ்டர்," என்றார் ராய்ஸ். "இன்னும் நாலு இருக்கு. ஏழு விநாடி. ஆறு."

நாலு தையல். மூன்று வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த வயசுல இத யாரு உங்க கையில குடுத்தது?"

மூன்று ஞாயிறும் கேய்லின் கீபோர்டு வாசித்தாள். வயதான பிரதர் ஹாயிட்டை அடக்கம் செய்த அன்று ஏதோ பொத்தானைத் தவறி அழுத்திவிட்டாள். பெட்டியை இறக்கும்போது டிரம்ஸ் சேர்ந்துகொண்டது, கல்யாண வீட்டில் ஆடுகிற தாளம். நிறுத்தத் தெரியவில்லை. ஹாயிட்டின் விதவை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. புதிய தலைமுறையைக் கவரும் இசை என்று ராய்ஸ் அடுத்த வாரம் பாராட்டினார்.

அந்தப் புதன்கிழமைச் சாப்பாட்டில்தான் என் பெயரைப் பலகையில் எழுதினார்கள். 'வெர்லா ஸ்ட்ரவுட்: செயலற்றவர்.' கீழே, ராய்ஸ் தானே எழுதிய விதியிலிருந்து ஒரு வரி: 'தேர்வில் தோற்றவர் யாராக இருந்தாலும் அன்றிலிருந்து செயலற்றவர். செயலற்றவர் சபையில் என்ன வேலை செய்யலாம் என்பதைச் செயலில் உள்ளவர்கள் முடிவு செய்வார்கள்.' ஆறு வாரத்தில் மறுதேர்வு. அதிலும் தோற்றால் முக்காலி நிரந்தரமாகக் கேய்லினுக்கு. நான் காபிக் கோப்பைகளை அடுக்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். குழு சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரு வாழ்த்து அட்டையும் கொடுத்தார்கள். 'சீக்கிரம் குணமாகுங்கள்.'

காரில் உட்கார்ந்து அழுதேன். கை வலிக்காக இல்லை. கோபம் எனக்கு அப்படித்தான் ஆரம்பிக்கும். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சபைக்குள் திரும்பப் போனேன். மேஜைக் காலைத் தூக்கி, அந்த விளக்கப் புத்தகத்தை உருவிக்கொண்டு வந்தேன்.

அதைப் பதினெட்டாம் பக்கம் வரை வாசித்தபோது கொட்டை எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. இரண்டு முறை வாசித்தேன். அடுத்த நாள் காலையில் ஓலெட்டாவிடம் போனேன்.

ஓலெட்டா என்னோடு பள்ளியில் படித்தவள். மாட்டுத் தீவனக் கடையின் பின்னறையில் நாற்பது வருஷமாகத் துப்பாக்கி பழுது பார்க்கிறாள். சபைக்கு வரமாட்டாள். சிகரெட் பிடிக்கவிட மாட்டார்கள் என்பது அவள் சொல்லும் காரணம். கத்தரிப்பூ நிறத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். பிறகு என் தையலைப் பார்த்தாள்.

"எவன்டீ இத உனக்குத் தேர்ந்தெடுத்தது?"

"பதினோரு பேரு."

"பதினோரு பேருல ஒருத்தன்கூட இதச் சுட்டுப் பாக்கல. பாத்திருந்தா உன்கிட்ட குடுத்திருக்க மாட்டான், தண்ணித் தொட்டியில போட்டிருப்பான்." பழைய இரும்பு ரிவால்வர் ஒன்றை எடுத்து என் இடது கையில் வைத்தாள். அதற்கு இரண்டு மடங்கு கனம். "கனமா இருந்தா உதையை அதுவே வாங்கிக்கும். லேசா இருந்தா நீ வாங்கணும். இது எல்லாத் துப்பாக்கிக் கடையிலயும் நடக்கிறதுதான். பொம்பள உள்ள வந்தா போதும், இருக்கிறதுலயே சின்னத எடுத்து நீட்டுவானுக. சின்னதுதான் சுடறதுக்கு ரொம்பக் கஷ்டம். அது தெரிஞ்சவன் கடைக்குப் பின்னால இருக்கான், தெரியாதவன் முன்னால நின்னு விக்கிறான்."

நான் பதினெட்டாம் பக்கத்தைக் காட்டினேன். ஓலெட்டா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது.

"சரியாத்தான் போட்டிருக்கான். பெரிய தோட்டாவ இதுல போட்டுச் சுட்டா, ஒவ்வொரு உதைக்கும் மிச்சத் தோட்டாவுல இருக்கிற ஈயம் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகரும். நாலாவது, அஞ்சாவது வரும்போது தோட்டா வைக்கிற உருளைக்கு வெளிய மூக்க நீட்டிரும். அப்புறம் உருளை சுத்தாது. பூட்டுனமாதிரி நின்னுரும்."

"அஞ்சும் சுட்டாத்தானே தேர்வுல ஜெயிக்கலாம்?"

"ஆமா."

"பெரிய தோட்டாதான் போடணும்னு விதியில இல்ல. படிச்சுப் பாத்தேன். 'குழு தேர்ந்தெடுத்த துப்பாக்கி'ன்னுதான் இருக்கு. தோட்டாவப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல."

ஓலெட்டா சிகரெட்டை அணைத்தாள். "ஏ வெர்லா," என்றாள், "நீ பள்ளிக்கூடத்துல எவ்வளவு அமைதியான பொண்ணு."

அவள் எனக்கு லேசான தோட்டா ஒரு பெட்டி கொடுத்தாள், தட்டை மூக்கு வைத்தது, பழங்காலத்துக் குறிப்போட்டிக்காரர்கள் பயன்படுத்துவது. கத்தரிப்பூப் பிடியைக் கழற்றி, தடித்த ரப்பர் பிடி மாட்டினாள். மறுதேர்வுக்கு என்று துப்பாக்கி என்னிடமே இருந்தது. கட்டுப் பிரித்ததும் வீட்டில் பயிற்சியை ஆரம்பித்தேன். தோட்டா இல்லாமல், பியானோ பயிற்சிக்கு டிக் டிக் என்று அடிக்கும் தாளக்கருவியை நிமிஷத்துக்கு முப்பதில் வைத்து, டிக் என்றால் ஒரு இழுப்பு. அந்த விசையை இழுக்கப் பன்னிரண்டு பவுண்டு பலம் வேண்டும், பெண்களுக்கு முடியாது என்பார்கள். நாற்பத்து நான்கு வருஷம் பியானோவை அடித்த விரல் இது. அத்தனை நாளும் பூனை சோபாவுக்கு அடியிலேயே இருந்தது.

மறுதேர்வுக்கு முந்தின புதன்கிழமைச் சாப்பாட்டில் கையைத் தூக்கினேன்.

"பிரதர் ராய்ஸுக்கு நன்றி சொல்லணும்," என்றேன். "ஏழாவது கூட்டத்துக் குறிப்பேட்ட வாசிச்சேன். இதுக்கு மேல ஒரு கைத்துப்பாக்கி உலகத்துலயே கிடையாதுன்னு அவர் சொந்தப் பொறுப்புல சொல்லியிருக்காரு. அதப் படிச்சதும் எனக்கு வெக்கமாப் போச்சு. உலகத்துலயே நல்ல துப்பாக்கி எனக்கு மட்டும், நம்மள காப்பாத்துற பதினோரு பேருக்கும் அதவிடக் கொறஞ்சது. இது நியாயமா? குழு முழுக்க இந்தத் துப்பாக்கியாலயே தேர்வுல சுடணும்னு நான் முன்மொழியுறேன்."

ராய்ஸ் வாயில் வைத்த பீச் பழப் பலகாரத்தை விழுங்க மறந்துவிட்டார்.

"அது வந்து, சிஸ்டர், அது பொம்பளைங்களுக்குன்னு..."

"உலகத்துலயே கிடையாதுன்னுதானே எழுதியிருக்கு? பொம்பளைங்க உலகத்துலன்னு எழுதலையே."

முதலில் கை தட்டியது ராய்ஸின் மனைவி ஜோனெல். "அவ்வளவு நல்லதுன்னா சுட்டுக் காட்டுங்களேன் ராய்ஸ்," என்றாள். "ஏழு வாரம் வீட்ல அதப் பத்தித்தானே பேசுனீங்க." பெண்கள் மேஜை முழுவதும் தட்டியது. பிரதர் கார்லண்ட் எழுதிக்கொண்டார், பழக்கதோஷம். பாஸ்டர் மெரில் தட்டைப் பார்த்தார். தட்டு காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் நிறைவேறியது என்றார்.

சனிக்கிழமை கல்பள்ளத்துக்குச் சபையே வந்துவிட்டது. மடக்கு நாற்காலி, சுட்ட மாட்டிறைச்சி, சர்க்கரை போட்ட ஐஸ் டீ. ராய்ஸ் தன் வியாபாரப் பதாகையைப் பேப்பர் தட்டுகளுக்குக் கீழே நீளமாகக் கட்டியிருந்தார். 'மென்மையான தண்ணீர், உறுதியான மனிதர்' என்ற எழுத்து, பக்கத்தில் சிரிக்கும் ராய்ஸின் பெரிய முகம். பெரிய தோட்டாவை அவரே கொண்டுவந்து வைத்தார். ரப்பர் பிடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கத்தரிப்பூவையே திரும்ப மாட்டச் சொன்னார். ஓலெட்டா மறுபேச்சில்லாமல் மாட்டினாள். துப்பாக்கி நின்றால் சரிசெய்ய அவளை நான்தான் அழைத்திருந்தேன். ஒரு மரச் சுத்தியோடு நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

பிரதர் கார்லண்ட் முதலில் சுட்டார். ஒன்று. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையை முதல்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். "எனக்கு இன்னிக்கு ரத்த அழுத்தம்," என்றார். அடுத்தவர் இரண்டு சுட்டார்; இரண்டாவதில் துப்பாக்கி அவர் நெற்றியில் அடித்தது. அடுத்தவர் உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடுபவன் கை தாழும். தட்டுக்குப் போகாமல் குண்டு பதாகையில் 'மென்மை'யில் போய் விழுந்தது. அதன் பிறகு எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஜெபத்தில் மூடிப் பழகியவர்கள்தானே. தண்ணீரில் இரண்டு, உறுதியில் ஒன்று, பதாகையில் இருந்த ராய்ஸின் காதில் ஒன்று. தைரியமாகத் தொடர்ந்து சுட்டவர்களுக்கு நாலாவதிலோ ஐந்தாவதிலோ உருளை நின்றது. ஓலெட்டா எழுந்து வந்து மரச் சுத்தியால் நாலு தட்டுத் தட்டி விடுவிப்பாள், திரும்பப் போய் உட்காருவாள். பத்து பேர் முடிந்தபோது பேப்பர் தட்டில் சாப்பாடு பரிமாறலாம், அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ராய்ஸ் கடைசி. பதினான்கு பையிலும் எதையோ தேடிவிட்டு வந்து நின்றார். அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். இரக்கம் வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்றாவது குண்டு பதாகையில் சிரித்துக்கொண்டிருந்தவரின் மூக்கைத் துளைத்தது. நாலாவதற்கு இழுத்தார், விசை நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். கட்டை விரல் பக்கம் தோல் கிழிந்து ரத்தம் சொட்டியது. கூட்டத்தில் யாரோ விநாடி எண்ணினார்கள், ஜோனெல்தான் என்று நினைக்கிறேன். பத்தாயிற்று.

"துப்பாக்கி சரியில்ல," என்றார் ராய்ஸ்.

நாற்பது வருஷம் கழித்து அதே குரல், அதே முகம். எனக்கு அந்த ஒரு நிமிஷத்துக்கே ஆறு வாரமும் தகும் என்று தோன்றியது.

ஓலெட்டா உருளையை விடுவித்து ரப்பர் பிடியை மாட்டிக் கொடுத்தாள். நான் என் கைப்பையிலிருந்து தட்டை மூக்குத் தோட்டா ஐந்தை எடுத்துப் போட்டேன். "அது என்ன தோட்டா?" என்றார் ராய்ஸ், விரலை வாயில் வைத்துக்கொண்டே.

"விதியில தோட்டாவப் பத்தி எதுவும் இல்ல பிரதர். பதினெட்டாம் பக்கத்துல இருக்கு. மேஜக் காலுக்கு அடியில வச்சீங்களே, அந்தப் புத்தகத்துல."

மனதுக்குள் தாளக்கருவி. டிக். டிக். வலித்தது, தையல் போட்ட இடம் எரிந்தது. ஆனாலும் பாட்டை முடிப்பவள் நான். ஐந்து. எட்டு விநாடி. தட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஐந்து துளையும் இருந்தன, ஒன்று மட்டும் விளிம்பில். நான் அதைப் பிரதர் கார்லண்டிடம் கொடுத்தேன். பிறகு விதிப் புத்தகத்தைத் திறந்து, 'தோற்றவர் யாராக இருந்தாலும்' என்ற வரியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். பதினோரு பேர் செயலற்றவர்கள். செயலில் இருப்பவர் ஒருவர்.

"இது வெறும் காகித விதி சிஸ்டர்," என்றார் ராய்ஸ். "அதோட உள்நோக்கத்த பாக்கணும்."

"உக்காரு ராய்ஸ்," என்றேன். உட்கார்ந்தார்.

அன்றைக்கே செயலில் உள்ளவர்களின் கூட்டத்தைக் கூட்டினேன், நான் ஒருத்தியே வந்தேன், ஏகமனதாக முடிவெடுத்தேன். பத்து பேர் காபிக் கோப்பை அடுக்குகிறார்கள். ஆறு வருஷத்தில் முதல்முறையாகச் சபைக்கு அவர்களால் ஒரு பயன். கேய்லின் பொத்தான்கள் எது எது என்று என்னிடம் செவ்வாய்க்கிழமைகளில் படிக்கிறாள். அவளுக்கு அந்த முக்காலி வேண்டாம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டாள், கேட்டது மாமனாராம். டோரிஸ் துடைப்பத்தோடு வடக்கு முனையில் நிற்கிறாள்.

பியானோ முனையில் ஆயுதம் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியை நான் மாற்றவில்லை. தோட்டா எடுத்துவிட்ட கத்தரிப்பூ நிறத்தைப் பாட்டுப் புத்தகத்தின் மேல் வைத்தேன், மின்விசிறிக் காற்றில் பக்கம் புரளாமல் இருக்கட்டும் என்று. புத்தகத் தாங்கிக்குப் பின்னால் இருப்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது, புடைப்பும் கிடையாது. விசிறி ஓடிய வேகத்தில் பக்கம் புரண்டு, துப்பாக்கி வழுக்கிக் கீழே விழுந்தது. பதினோரு அவுன்ஸ். ஒரு காகிதத்தைப் பிடித்து வைக்கக்கூட அதற்குக் கனம் போதவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ராய்ஸ் என் பக்கத்தில் பாடகர் அங்கியோடு நின்று, கட்டுப் போட்ட கட்டை விரலால் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். எங்கே புரட்ட வேண்டும் என்று தெரிவதற்கு அவர் தாளைப் படித்தாக வேண்டும். நான் தலையை ஆட்டிக் காட்ட மாட்டேன்.

ஜெபத்தின்போது அவரும் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறார்.